பச்சையா, ரோஸா? கூலண்ட் கேள்விகள் – வாசகர் பக்கம்

இந்தத் தடவை வந்த கடிதத்துல பாதிக்கு மேல, இஞ்சினை ஆற வைக்க ரேடியேட்டர்ல ஊத்தற கூலண்ட் பத்தி தான். ஒண்ணு ரெண்டுன்னா மத்த கேள்வியோட சேத்துவிட்டுறலாம், இவ்ளோ பேர் கேட்டப்புறம் வேற வழியில்ல, மொத்தப் பக்கத்தையும் அதுக்கே குடுத்தாச்சு. பிரேக் சத்தம் பத்திக் கேட்டவங்க அடுத்த தடவை வரைக்கும் பொறுங்க, ஆனா இரும்போட இரும்பு உரசுற மாதிரி சத்தம்னா என் பதிலுக்குக் காத்திருக்காம இன்னைக்கே ஒர்க்‌ஷாப் போயிடுங்க.

கே: என் கார்ல ரோஸ் கலர் கூலண்ட் இருந்துச்சு. லெவல் கொஞ்சம் குறைஞ்சிருக்கேன்னு கடைக்குப் போனா "எல்லாம் ஒண்ணு தான் சார்"னு பச்சை பாட்டிலைக் குடுத்தாங்க. அரை லிட்டர் ஊத்திட்டேன். இப்ப கூலண்ட் டேங்க்ல பழுப்பா தெரியுது. இஞ்சின் போச்சா? – ராத்திரி தூக்கம் வராதவர்

ப: இஞ்சின் ஒண்ணும் போகல, தூங்குங்க. ஆனா "எல்லாம் ஒண்ணு தான்"ங்கறது தப்பு, அதே மாதிரி "பச்சையும் ரோஸும் சேரவே சேராது, கலரைப் பாத்து வாங்கு"ங்கறதும் தப்பு தான். ரெண்டுமே கலரை வச்சுப் பேசறது. கலருங்கறது வெறும் சாயம்ங்க, லீக் ஆனா கண்ணுக்குத் தெரியணும், குடிக்கிற தண்ணின்னு யாரும் நினைச்சிடக் கூடாதுன்னு போடறது. எந்தக் கலர்னா எந்த ரகம்னு உலகத்துல ஒரு பொது விதியும் கிடையாது. டொயோட்டாவோட ரோஸும் ஃபோக்ஸ்வேகன் கூட்டத்தோட ரோஸும் பாக்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், உள்ள இருக்கற மருந்து வேற வேற.

கூலண்ட்ல மூணு சமாச்சாரம் தான் இருக்கு. கிளைக்கால்ங்கற திரவம், தண்ணி, அப்புறம் துரு பிடிக்காம பாத்துக்கற மருந்துகள். கிளைக்கால் கிட்டத்தட்ட எல்லா பாட்டில்லயும் ஒண்ணு தான், சண்டையெல்லாம் அந்த மருந்துல தான். பழைய ரகத்துல சிலிகேட், பாஸ்பேட் மாதிரி உப்புங்க இருக்கும், அது உள்ள இருக்கற எல்லா உலோகத்து மேலயும் சடசடன்னு ஒரு மெல்லிய பூச்சு போட்டுடும், வேகமா வேலை செய்யும், அதே வேகத்துல தீர்ந்தும் போயிடும், அதனால ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா மாத்தணும். புது ரகம் ஆர்கானிக் ஆசிட் வகை, ஓஏடின்னு போட்டிருக்கும். இது எல்லா இடத்துலயும் பூசாது, எங்க அரிப்பு ஆரம்பிக்குதோ அங்க மட்டும் போய் உக்காரும், அதனால மெதுவா தான் செலவாகும், அஞ்சு வருஷமோ அதுக்கு மேலயோ தாங்கும். ரெண்டையும் கலந்து ஹெச்ஓஏடின்னு ஒண்ணு. அதுலயும் கட்சி பிரிஞ்சிருக்கு: ஐரோப்பாக்காரங்க பாஸ்பேட் வேணாம், தண்ணியில கால்சியம் இருந்தா படிஞ்சுடும்னு சிலிகேட் பக்கம் போனாங்க, ஜப்பான்காரங்க சிலிகேட் வாட்டர் பம்ப் சீலைத் தேய்க்கும்னு பாஸ்பேட் பக்கம் போனாங்க. ரெண்டு பேர் காரணமும் நியாயம் தான், அதனால தான் ரெண்டு ரகமும் இன்னும் ஓடுது.

இதுல ஒத்துவராத ரெண்டைக் கலந்தா என்ன ஆகும்? பெரும்பாலும் உடனே ஒண்ணும் ஆகாது, மருந்தோட ஆயுசு குறையும், அஞ்சு வருஷக் கூலண்ட் ரெண்டு வருஷம்கூடத் தாங்காது. சில ஜோடிங்க தான் வம்பு பண்ணும், பழுப்பாகி ஜெல்லி மாதிரி கெட்டியாகி ரேடியேட்டரோட மெல்லிய குழாயையும், அதே சூடான கூலண்ட் ஓடி காருக்குள்ள சூடு காத்து குடுக்கற ஹீட்டரையும் அடைச்சிடும். ஃபோக்ஸ்வேகனோட பழைய ஜி11ல ஜி12 சிவப்பைக் கலந்தா இப்படித் தான் பழுப்பா வரும்னு அந்த வண்டி வச்சிருந்தவங்களுக்கு நல்லாத் தெரியும். நீங்க டேங்க்ல ஒரு சுத்தமான குச்சியை விட்டுப் பாருங்க, இஞ்சின் ஆறினப்புறம் தான். வெறும் கலர் மாறி தண்ணி மாதிரியே ஓடுதுன்னா பயமில்ல, இந்த மாசத்துக்குள்ள மொத்தத்தையும் இறக்கி, அலசி, சரியானதை ஊத்திடுங்க. சேறு மாதிரி ஒட்டுதுன்னா வண்டியை எடுக்காதீங்க, முதல்ல அலசணும்.

இனிமே வாங்கறப்ப வண்டியோட மேனுவல்ல கூலண்ட் பக்கத்தைத் திறந்து அங்க இருக்கற கோட் நம்பரை எழுதிட்டுப் போங்க. பாட்டில் முன்பக்கம் இருக்கற பனிமலைப் படத்தைப் பாக்காதீங்க, பின்பக்கம் படிங்க. அந்தக் கோட் நம்பருக்கு கார் கம்பெனி "அப்ரூவல் குடுத்தது"ன்னு போட்டிருந்தா நிம்மதியா வாங்கலாம், "பொருத்தமானது"ன்னு மட்டும் போட்டிருந்தா அது பாட்டில் கம்பெனி தானா சொல்லிக்கறது. ஏஎஸ்டிஎம் டி3306 (அமெரிக்கா), ஜேஐஎஸ் கே2234 (ஜப்பான்)ங்கற நம்பரெல்லாம் குறைஞ்சபட்ச தரம், அது இருந்தா போலி தண்ணி இல்லன்னு ஒரு நம்பிக்கை, அவ்ளோ தான், உங்க காருக்கு அதுதான்னு அர்த்தம் இல்ல.

கே: தண்ணி கலக்காம கான்சன்ட்ரேட்டை அப்படியே ஊத்தினா இன்னும் நல்லா கூல் ஆகும்ல? காசு போனா போகுது.

ப: காசும் போகும், கூலும் ஆகாது. சூட்டை எடுத்துட்டுப் போற வேலையைச் செய்யறது தண்ணி தாங்க, கிளைக்கால் இல்ல. ஒரு கிலோ தண்ணியை ஒரு டிகிரி சூடாக்க 4.2 கிலோஜூல் வேணும், அதே அளவு கிளைக்காலுக்கு 2.4 போதும், அதாவது தண்ணி சுமக்கற சூட்டுல பாதியைக் கொஞ்சம் தாண்டி தான் கிளைக்காலால சுமக்க முடியும். பிசுபிசுப்பா வேற இருக்கும், பம்ப் தள்ள கஷ்டப்படும். அப்ப எதுக்கு கிளைக்கால்னா, தண்ணி உறையாம இருக்கவும் சீக்கிரம் கொதிக்காம இருக்கவும் தான்.

இன்னொரு வேடிக்கை, சுத்தமான கிளைக்கால் மைனஸ் 13 டிகிரி கிட்டயே உறைஞ்சிடும், பாதிக்குப் பாதி தண்ணி கலந்தா தான் மைனஸ் 37 வரைக்கும் போகும். கொதிக்கறதுக்கு வந்தா அதே பாதிப் பாதிக் கலவை திறந்த பாத்திரத்துல 107 டிகிரி பக்கம் கொதிக்கும், 15 பிஎஸ்ஐ அழுத்தம் தாங்கற ரேடியேட்டர் மூடி போட்டு மூடினா 129 வரைக்கும் தாங்கும். ஸ்பிட்ஃபயர் விமானத்துல இருந்த ரோல்ஸ் ராய்ஸ் மெர்லின் இஞ்சினுக்கே ஆரம்பத்துல சுத்த கிளைக்கால் தான் ஊத்துனாங்க, அப்புறம் 70 பங்கு தண்ணி 30 பங்கு கிளைக்கால்னு மாத்தி, அழுத்தத்தை ஏத்தி சமாளிச்சாங்க.

கார் கம்பெனி வேற எதுவும் சொல்லலன்னா பாதிக்குப் பாதி. 40 சதவீதத்துக்குக் கீழ இறக்காதீங்க, உங்க ஊர்ல பனியே பெய்யாதுன்னாலும், ஏன்னா மருந்தும் அந்தப் பாட்டில்ல தான் இருக்கு, கிளைக்கால் குறைஞ்சா மருந்தும் குறையும். 60க்கு மேலயும் ஏத்த வேணாம். ரெடிமிக்ஸ் பாட்டில் வாங்கினவங்க அதுல மறுபடி தண்ணி ஊத்தாதீங்க, ஏற்கனவே பாதி தண்ணி தான் அது, இந்தத் தப்பைப் பண்றவங்க ஏராளம்.

கே: எங்க அப்பா முழுக்க பச்சத்தண்ணி ஊத்தியே வண்டி ஓட்டினாரு, கூலண்ட்னு ஒண்ணைக் கண்ணால பாத்ததில்ல. இதெல்லாம் வியாபாரத் தந்திரம் தானே அண்ணே?

ப: அப்பா செஞ்சது அவரு வண்டிக்குச் சரி தம்பி. இரும்பு பிளாக், பித்தளை ரேடியேட்டர், தண்ணி போற வழியெல்லாம் அகலமா இருக்கும், கொஞ்சம் உப்பு படிஞ்சாலும் தாங்கும். ஃபோர்டு மாடல் டில பெரும்பாலான வண்டிக்கு வாட்டர் பம்பே கிடையாது, சூடான தண்ணி தானா மேல ஏறும், ஆறினது கீழ இறங்கும், அவ்ளோ தான் ஏற்பாடு.

இப்ப ஹெட் (இஞ்சினோட மேல்பாகம்) அலுமினியம், ரேடியேட்டர் அலுமினியம், எங்கயோ இரும்பு, எங்கயோ செம்பு, நடுவுல வெறும் தண்ணி ஓடினா அது ஒரு பேட்டரி மாதிரி ஆகி அலுமினியத்தைத் தின்னும். குழாய்த் தண்ணியில இருக்கற கால்சியம், மெக்னீசியமெல்லாம் சுடுதண்ணிப் பாத்திரத்து அடியில வெள்ளையா பிடிக்குமே அதே மாதிரி உள்ள பிடிக்கும், அந்த ஏடு சூட்டை வெளிய விடாது. குளோரைடு இருந்தா அலுமினியத்துல ஊசிக் குத்தின மாதிரி ஓட்டை போடும். நடுவழியில வேற கதி இல்லன்னா தாராளமா பச்சத்தண்ணி ஊத்துங்க, இஞ்சின் வேகறதை விட அது மேல், ஆனா வீடு வந்ததும் இறக்கிட்டு ஒழுங்கா கலந்து ஊத்துங்க. கலக்கறதுக்கு டிஸ்டில்ட் வாட்டர் தான், பேட்டரி தண்ணின்னு விக்கறது அதுவே, பேட்டரி ஆசிட்டை வாங்கிட்டு வந்துடாதீங்க, லேபிளைப் படிங்க.

கே: எத்தனை கிலோமீட்டருக்கு மாத்தணும்?

ப: மேனுவல்ல என்ன போட்டிருக்கோ அது. பழைய ரகம்னா ரெண்டு வருஷம், புது ரகம்னா அஞ்சு வருஷம் சுமாரா, சில டொயோட்டாவுக்கு முதல் தடவை 1,60,000 கிலோமீட்டர், அதுக்கப்புறம் 80,000னு போட்டிருக்கும். செகண்ட் ஹேண்ட் வண்டி வாங்கி உள்ள என்ன இருக்குன்னே தெரியலன்னா யோசிக்காம மாத்திடுங்க, அன்னைலருந்து கணக்கு ஆரம்பிக்கட்டும். ரிஃப்ராக்டோமீட்டர்ல ஒரு சொட்டு விட்டுப் பாத்தா எத்தனை டிகிரியில உறையும்னு தெரியும், ஆனா மருந்து மிச்சம் இருக்கான்னு அது சொல்லாது, கிளைக்கால் தீராது, மருந்து தான் தீரும்.

கே: வீட்டுல நானே மாத்தலாம்னு இருக்கேன். எங்க தப்பு வரும்னு மட்டும் சொல்லுங்க, மத்ததை நான் பாத்துக்கறேன். – கை துருதுருன்னு இருக்கறவங்க

ப: இப்படிக் கேட்டா எனக்குப் பிடிக்கும். முதல் தப்பு அவசரம். ராத்திரி நிறுத்தின வண்டியைக் காலையில தொடுங்க, ரேடியேட்டர் மேல கை வச்சா ஜில்லுன்னு இருக்கணும். அடியில ஒரு அகலமான தட்டு, கையில கிளவுஸ், மூடியைத் திறந்துட்டு ரேடியேட்டர் அடியில இருக்கற டிரெயின் திருகைத் தளர்த்துங்க. அது நிறைய வண்டியில பிளாஸ்டிக் தான், மூடறப்ப பலத்தைக் காட்டினா உடையும், ரப்பர் வாஷர் தான் லீக்கை நிறுத்தும், உங்க முறுக்கு இல்ல. சில வண்டியில திருகே இருக்காது, கீழ் ஹோஸைக் கழட்டணும்.

ரெண்டாவது தப்பு தான் பெருசு, யாரும் கவனிக்கறதில்ல. இறக்கினது எவ்ளோன்னு அளந்து பாருங்க. மேனுவல்ல மொத்தம் 6 லிட்டர்னு போட்டிருக்கும், தட்டுல 3.5 தான் வந்திருக்கும், மீதி 2.5 இஞ்சின் பிளாக்லயும் ஹீட்டர்லயும் உள்ளயே நிக்குது. இப்ப டிஸ்டில்ட் வாட்டர் ஊத்தி, ஹீட்டரை ஃபுல் சூட்டுல வச்சு, தெர்மோஸ்டாட் (சூடானப்புறம் கூலண்ட்டை ரேடியேட்டருக்கு விடற வால்வு) திறக்கற வரைக்கும் ஓடவிட்டு, ஆறவிட்டு, மறுபடி இறக்கி, தெளிவா வர்ற வரைக்கும் இப்படி ரெண்டு மூணு தடவை அலசறீங்கன்னு வைங்க. கடைசியில உள்ள நிக்கறது 2.5 லிட்டர் வெறும் தண்ணி. அது மேல ரெடிமிக்ஸ் 3.5 ஊத்தினீங்கன்னா கணக்கு எங்க வரும்? கிளைக்கால் 1.75 லிட்டர் தான், 30 சதவீதத்தைக் கூடத் தொடல.

அதனால அலசினவங்க கான்சன்ட்ரேட் தான் வாங்கணும். மொத்தக் கொள்ளளவுல பாதி, இந்தக் கணக்குல 3 லிட்டர் கான்சன்ட்ரேட், அதை முதல்ல ஊத்திடுங்க, மிச்சம் இருக்கற இடத்துக்கு டிஸ்டில்ட் வாட்டர். உள்ள நிக்கற தண்ணியும் சேந்து பாதிக்குப் பாதி ஆகிடும். அதே ரகத்தைத் தான் திரும்ப ஊத்தப் போறீங்க, இறக்கினதும் சுத்தமா வந்துச்சுன்னா அலசவே வேணாம், வந்த அளவுக்கு ரெடிமிக்ஸ் ஊத்தினா போதும்.

கே: கூலண்ட் மாத்தினதுலருந்து டேஷ்போர்டு பின்னாடி களக் களக்னு சத்தம். ஹீட்டர் போட்டா குளிர்ந்த காத்து. டெம்பரேச்சர் முள்ளு ஏறுது, இறங்குது.

ப: உள்ள காத்து மாட்டிக்கிச்சு. உடனே பாருங்க, தள்ளிப் போடாதீங்க. காத்துக் குமிழி போய் சென்சார்கிட்ட நின்னுச்சுன்னா முள்ளு சாதாரணமா காட்டும், அந்தப் பக்கம் ஹெட் வெந்துட்டிருக்கும்.

வண்டி ஆறினப்புறம் மூக்குப் பக்கம் கொஞ்சம் ஏத்தமா நிறுத்தி, மூடியைத் திறந்து, ஹீட்டர் ஃபுல் சூடு, ஃபேன் மெதுவா, ஐடில்ல ஓடவிடுங்க. தெர்மோஸ்டாட் 80லருந்து 90 டிகிரிக்குள்ள திறக்கும், அப்ப மேல் ஹோஸ் சூடாகும், குமிழி குமிழியா வரும், லெவல் பொதுக்குன்னு இறங்கும், மெதுவா ஊத்திக்கிட்டே வாங்க. குமிழி நின்னு, ஹீட்டர்ல சூடான காத்து வந்தா மூடியைப் போடுங்க. சில வண்டியில பிளீட் திருகு தனியா இருக்கும், அதைத் தளர்த்தி காத்து போய் நீர் ஒழுகினதும் முறுக்கணும். எலக்ட்ரிக் பம்ப் இருக்கற வண்டிங்களுக்கு இதெல்லாம் பலிக்காது, ஸ்கேனர் மாட்டி பம்பை ஓடவிட்டுத் தான் காத்தை எடுக்கணும், அதை ஒர்க்‌ஷாப்ல விட்டுடுங்க. அடுத்த மூணு நாலு நாள் காலையில லெவல் பாருங்க, கொஞ்சம் இறங்கும், அது சகஜம்.

கே: மாசத்துக்கு கால் லிட்டர் குறையுது. கீழ ஒரு சொட்டு இல்ல. மெக்கானிக் "ஆவியாப் போகும்"னு சொல்றாரு.

ப: மூடின சிஸ்டம்ங்க அது, மாசம் கால் லிட்டர் ஆவியாக வழி இல்ல. எங்கயோ போகுது. முதல்ல எப்ப பாக்கறீங்க? சூடா இருக்கப்ப லெவல் மேல நிக்கும், ஆறினா இறங்கும், ரெண்டையும் மாத்தி மாத்திப் பாத்து குறையுதுன்னு நினைக்கறவங்களும் உண்டு, எப்பவும் காலையில ஜில்லுன்னு இருக்கப்ப பாருங்க.

அப்புறம் டார்ச் எடுத்துக்குங்க. கூலண்ட் சூடான இடத்துல சொட்டினா கீழ விழறதுக்குள்ள காஞ்சிடும், ஆனா தடம் விட்டுட்டுத் தான் போகும், வெள்ளையாவோ ரோஸாவோ பொருக்கு மாதிரி ஒட்டியிருக்கும். ஹோஸ் கிளாம்ப் இடுக்குல, ரேடியேட்டரோட பிளாஸ்டிக்கும் அலுமினியமும் சேர்ற விளிம்புல, வாட்டர் பம்ப் அடியில இருக்கற சின்ன ஓட்டைக்கிட்ட பாருங்க. பம்ப் ஓட்டையில தடம் இருந்தா உள்ள சீல் போச்சு, அந்த ஓட்டையை வச்சதே அதைக் காட்டறதுக்குத் தான், அடைக்காதீங்க. மூடியோட ரப்பரையும் பாருங்க, பிளந்திருந்தா அழுத்தம் நிக்காது, ஆவியா போகறது அந்த வழியா தான், உங்க மெக்கானிக் சொன்னது அப்ப மட்டும் சரி. காருக்குள்ள இனிப்பு வாசனை, முன்கண்ணாடியில துடைக்கத் துடைக்க எண்ணெய்ப் பசை, முன்சீட்டுக் கால்மிதி ஈரம், இதெல்லாம் இருந்தா ஹீட்டர்ல தான் லீக்.

எதுவுமே இல்லன்னா ஹெட் கேஸ்கெட்டை, அதாவது ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவுல இருக்கற சீலைச் சந்தேகப்படணும். சைலன்சர்ல விடாம வெள்ளைப் புகை, அதுல இனிப்பு வாசனை, டேங்க்ல ஓயாம குமிழி. இஞ்சின் ஆயில் பால் கலந்த மாதிரி ஆகறதும் அடையாளம் தான், ஆனா ஆயில் மூடியில மட்டும் கொஞ்சம் வெள்ளை நுரை இருந்தா பதறாதீங்க, கிட்டக்கிட்ட மட்டும் ஓட்டற வண்டியில ஈரம் படிஞ்சு அப்படி வரும், டிப்ஸ்டிக்லயும் அதே நிறம்னா தான் கவலை. ஒர்க்‌ஷாப்ல பிளாக் டெஸ்ட் கேளுங்க, நீல நிறத் திரவத்துக்குள்ள டேங்க் காத்தை இழுப்பாங்க, மஞ்சளாச்சுன்னா எரிஞ்ச வாயு கூலண்ட்ல கலக்குது.

லீக் அடைக்கற பவுடர் போடலாமான்னு இன்னொருத்தர் கேட்டிருக்காரு. அது லீக் எது, ஹீட்டர் குழாய் எதுன்னு பாத்து அடைக்காது. வேணாம்.

கே: ஓடிட்டிருக்கறப்ப முள்ளு சிவப்புக்குப் போனா என்ன பண்ணணும்? நான் பயத்துல மூடியைத் திறக்கப் போயிட்டேன், நல்லவேளை பக்கத்துல இருந்தவர் கையைப் பிடிச்சிட்டாரு.

ப: அவருக்கு ஒரு நன்றி சொல்லிடுங்க. என் கையை யாரும் பிடிக்கல, வலது மணிக்கட்டுல அந்தத் தழும்பு இன்னும் இருக்கு, அப்ப எனக்கு வண்டி பத்தி எல்லாம் தெரியும்னு நினைப்பு. உள்ள 100 டிகிரிக்கு மேல இருக்கற திரவம் அழுத்தத்தால தான் கொதிக்காம நிக்குது, மூடியைத் திறந்த நொடியில அழுத்தம் போயி மொத்தமும் ஆவியா மூஞ்சியில அடிக்கும், துணியைச் சுத்திக்கிட்டா மட்டும் தப்பிக்க முடியாது.

ஏசியை நிறுத்துங்க, ஹீட்டரை ஃபுல்லா போடுங்க, வேர்த்தா வேர்க்கட்டும், அது ஒரு குட்டி ரேடியேட்டர் மாதிரி. ஓரமா நிறுத்தி இஞ்சினை ஆஃப் பண்ணிட்டு முக்கால் மணி நேரமாவது உக்காருங்க. சூடான இஞ்சின் மேல பச்சத்தண்ணி ஊத்தாதீங்க, ஹெட் விரிசல் விடும். ஆறினப்புறம் லெவலைப் பாருங்க, காலியா இருந்தா மெதுவா நிரப்பிட்டு ஃபேன் சுத்துதான்னு பாருங்க, பெல்ட் இருக்கான்னு பாருங்க. மறுபடி ஏறினா இழுத்துட்டுத் தான் போகணும், "இன்னும் கொஞ்ச தூரம் தானே"ன்னு ஓட்டினவங்க தான் ஹெட்டை மாத்தறாங்க.

கே: இறக்கின பழைய கூலண்டைச் செடிக்கு ஊத்தலாமா? எங்க நாய் அந்தத் தட்டையே சுத்திச் சுத்தி வருது.

ப: நாயை முதல்ல உள்ள கட்டுங்க. எத்திலின் கிளைக்கால் இனிக்கும், நாய், பூனை, குழந்தை யாரு வேணா நக்கிடுவாங்க, கொஞ்சமே போதும். முதல்ல குடிச்ச மாதிரி தள்ளாடும், அப்புறம் தெளிஞ்ச மாதிரி இருக்கும், அதை நம்பி விட்டுட்டா உடம்புக்குள்ள அது ஆக்சாலிக் ஆசிட் ஆகி சிறுநீரகத்துல படிகமா படிஞ்சு செயலிழக்க வச்சிடும். நக்கினதைப் பாத்தா அறிகுறிக்குக் காத்திருக்காம உடனே டாக்டர்கிட்ட ஓடுங்க, மாத்து மருந்து இருக்கு, சீக்கிரம் குடுத்தா தான் வேலை செய்யும். புரோப்பிலின் கிளைக்கால்ல செஞ்ச கூலண்ட் விஷம் கம்மி, ஆனா பழசானது எதுவா இருந்தாலும் அதுல உலோகமெல்லாம் கரைஞ்சிருக்கும். செடிக்கும் வேணாம், சாக்கடைக்கும் வேணாம், மூடி போட்ட கேன்ல ஊத்தி பேரெழுதி பழைய ஆயில் வாங்கற ஒர்க்‌ஷாப்ல குடுங்க. குடிதண்ணி பாட்டில்ல மட்டும் ஊத்தி வைக்காதீங்க.

கே: எலக்ட்ரிக் கார் வாங்கியாச்சு, இனிமே இந்தத் தொல்லை இல்லையே?

ப: இருக்கு. பெரும்பாலான வண்டியில பேட்டரி, மோட்டார், பேட்டரி மின்சாரத்தை மோட்டாருக்கு ஏத்த மாதிரி மாத்திக் குடுக்கற இன்வெர்ட்டர் எல்லாத்தையும் கூலண்ட் தான் ஆற வைக்குது, சில கம்பெனிங்க மின்சாரம் அதிகம் கடத்தாத தனி ரகம் கேக்கறாங்க, அதுல கண்டதை ஊத்தினா செலவு பெருசா வரும், நீங்களா டாப் அப் பண்ணாதீங்க. ஹைப்ரிட் வச்சிருக்கறவங்க பானட்டைத் திறந்து பாத்தா நிறைய வண்டியில ரெண்டு டேங்க் இருக்கும், ஒண்ணு இஞ்சினுக்கு, இன்னொண்ணு இன்வெர்ட்டருக்கு. சின்னதைப் பாத்து கண்ணாடி கழுவற தண்ணி டேங்க்னு நினைச்சு சோப்புத் தண்ணி ஊத்தினதா இந்தத் தடவை ஒரு கடிதம் வந்திருக்கு. அவருக்குத் தனியா பதில் போட்டாச்சு: ஸ்டார்ட் பண்ணாதீங்க, இழுத்துட்டுப் போங்க.